பிஒய் நம்பர் ஈக்கோஸ்போர்ட் டீசல் 2016: கம்பெனி மூடிட்டுப் போன வண்டியை இப்போ வாங்கலாமா?

மஞ்சை_31:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு தினமும் வேலைக்குப் போய் வரணும், போக வர 50 கிலோமீட்டர். ரெண்டு வண்டி பார்த்து வெச்சிருக்கேன்.

ஒண்ணு ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 1.5 டீசல் மேனுவல், 2016, பிஒய்-01 (புதுச்சேரி பதிவு), ரெண்டாவது ஓனர், மீட்டர்ல 92,000. கேட்கிறது 4.10 லட்சம். வண்டி புதுச்சேரி ரெயின்போ நகர்ல நிக்குது. இன்னொண்ணு செவ்ரோலெட் செயில் 1.3 டீசல், 2014, டிஎன்-31 (கடலூர் பதிவு), 78,000 ஓடினது, 1.90 லட்சம்.

ரெண்டு கம்பெனியும் இங்க இல்லை. சாமான் கிடைக்குமா, எதை நேர்ல பார்க்கணும், பிஒய் வண்டியை டிஎன்-31க்கு மாத்த என்ன பண்ணணும்? புரோக்கர் வேற "ஃபோர்டு திரும்ப வருது, விலை ஏறப் போகுது"ன்னு அவசரப்படுத்துறார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கெடிலக்கரை:
தம்பி, ரெயின்போ நகர்னு சொன்னீங்க, அதனால இன்ஜினுக்கு முன்னாடி தண்ணியைப் பார்ப்போம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்போ புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சு. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் ரெண்டும் வழக்கமாவே தண்ணி நிக்கிற இடம். கடலூர் பக்கம் சாத்தனூர் அணைத் தண்ணி வந்து தென்பெண்ணை கரை தாண்டினதும் அதே வாரம்தான். ஆக, செயிலுக்கும் இதே சோதனை உண்டு.

"ஈக்கோஸ்போர்ட் உயரமான வண்டி, 550 மில்லிமீட்டர் தண்ணியில போகும்"னு சொல்லுவாங்க. அந்தக் கணக்கு மெதுவா ஓட்டிக் கடக்கறதுக்கு. ராத்திரி பூரா நின்ன தண்ணி கதவு ரப்பர் வழியாவும், தரையில இருக்கிற அடைப்பான் வழியாவும் உள்ள வரத்தான் செய்யும்.

பார்க்கிற விதம்: நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுங்க. வெளியில இருக்கிற பாகத்தைத் துவைச்சிடலாம், சுருளுக்குள்ள கடைசி ஒரு அடியில வண்டல் கோடு அப்படியே நிக்கும். முன் சீட்டைப் பின்னால தள்ளி, ரெயில் போல்ட்டு தலையைப் பாருங்க, துரு இருக்கா, ஸ்பேனர் போட்ட தடம் இருக்கான்னு. கார்பெட்டைத் தூக்கி அடியில இருக்கிற பஞ்சை விரலால அழுத்துங்க. கார்பெட் ரெண்டு நாள்ல காயும், பஞ்சு மாசக்கணக்கா ஈரம் வெச்சிருக்கும், மூக்குக்கே தெரியும். அப்புறம் க்ளவ் பாக்ஸைக் கழட்டினா உள்ள ஃபியூஸ் பாக்ஸ் இருக்கு. ஒரு கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்க. பின்னுல பச்சைப் பூப்பு இருந்தா பேச்சே வேண்டாம், எழுந்து வந்துடுங்க. விலை குறைச்சாலும் வேண்டாம். அந்தப் பச்சை ஒரு வருஷம் கழிச்சு ஏர்பேக் லைட்டு, ஏபிஎஸ் லைட்டு, பவர் விண்டோன்னு ஒண்ணொண்ணா வேலை காட்டும். இந்த வண்டிக்குக் கிடைக்கிறதுக்குக் கஷ்டமான சாமான் எலக்ட்ரானிக்ஸ்தான்.

தண்ணி இல்லைன்னு உறுதியானா இன்ஜின். நீங்க போறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போங்க, பானட்டைத் தொட்டுப் பார்த்துட்டு சாவி போடுங்க. இன்ஜக்டர் அடியைச் சுத்தி தார் மாதிரி கறுப்பா கட்டியிருந்தா செப்பு வாஷர் போயிருக்கு, ஐடிலிங்ல "சஃப் சஃப்"னு காத்து விடும். சூடானதும் ஆயில் மூடியைத் திறங்க. லேசான புகை பரவாயில்லை, மூடி குதிச்சா பிஸ்டன் ரிங் தேய்மானம். இன்டர்கூலர் ஹோஸ் சேர்ற இடத்துல ஆயில் வழிஞ்சிருக்கான்னு கை வெச்சுப் பாருங்க.

டைமிங் பெல்ட்டைத் தனியா சொல்றேன். இந்த டீசல்ல செயின் இல்லை, பெல்ட்டுதான். 92,000தானே ஓடியிருக்குன்னு நினைக்காதீங்க, 2016 ரப்பருக்கு வயசும் கணக்கு. அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சு ஹெட்டு வேலை வந்துடும். மாத்தின பில் கையில குடுத்தா சரி, வாய்ச்சொல் வேண்டாம். பில் இல்லைன்னா வாங்கின வாரமே பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நாலையும் சேர்த்து மாத்துங்க. பம்பைச் சுத்துறதும் அதே பெல்ட்டுதான். பழைய பம்ப் பேரிங் இறுகினா புதுப் பெல்ட்டும் போயிடும்.

கிளச்: நாலாவது கியர்ல 40ல போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிங்க. வேகம் ஏறாம ஆர்பிஎம் மட்டும் ஏறினா கிளச் பிளேட் முடிஞ்சது. கிளச் பெடல் பாதியில தளர்ந்தா, கிளச்சைத் தள்ளுற ஸ்லேவ் சிலிண்டர் போயிருக்கு. அது கியர்பாக்ஸுக்குள்ள பேரிங்கோட சேர்ந்து உட்கார்ந்திருக்கு, கியர்பாக்ஸை இறக்கினாத்தான் கை போகும். அதனால எது போனாலும் பிளேட், பிரஷர் பிளேட், ஸ்லேவ் மூணையும் சேர்த்தே போடுங்க.

இன்ஜின் ஆயில் 5டபிள்யூ-30, ஃபோர்டு 913-டி தரம்னு கேன்ல அச்சடிச்சிருக்கணும். பொதுவான டீசல் ஆயிலை ஊத்திக்கிட்டிருந்தாங்கன்னா டர்போவுக்குத்தான் கேடு.

ஜெனரல்_பேட்டர்ஸ்:
சாமான் பற்றி நான் சொல்கிறேன். "ஃபோர்டு ஸ்பேர்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டால் எந்தக் கடையிலும் "கிடைக்கும்" என்ற பதில்தான் வரும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். பார்ட் நம்பரைச் சொல்லி, "கையில் இருக்கிறதா, ஆர்டரா, எத்தனை நாள்?" என்று கேளுங்கள். ஃபோர்டு சாமான்களின் ஸ்டிக்கரிலேயே நம்பர் இருக்கும். வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் பார்ட்ஸ் கவுண்டரிலும் எடுத்துத் தருவார்கள்.

தேய்கிற சாமான்களுக்குக் கவலை இல்லை. ஃபில்டர், பிரேக் பேடு, கிளச் செட், பெல்ட் கிட், வீல் பேரிங், ஷாக், லோயர் ஆர்ம் எல்லாம் வெளிக் கம்பெனிகளும் செய்பவை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கி பஸ் பார்சலில் போட்டால் கடலூர் வந்துவிடும்.

சிக்கல் உடம்புச் சாமானிலும் எலக்ட்ரானிக் மாட்யூலிலும்தான். வாங்குவதற்கு முன் ஆறு பொருளுக்கு மட்டும் விசாரியுங்கள்: ஹெட்லைட், முன் பம்பர், பின் கதவுக் கண்ணாடி, ஏபிஎஸ் யூனிட், ஸ்டீயரிங் மோட்டார் யூனிட், பாடி கண்ட்ரோல் மாட்யூல். இதில் எது இப்போதே உடைந்திருக்கிறதோ அதற்கு விலையும் நாளும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்தத் தொகையைக் கேட்கும் விலையில் கழியுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய ஹெட்லைட், கதவு, பம்பர் தேடி வாங்கலாம். பழைய மாட்யூல் வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை: அதை உங்கள் வண்டிக்கு கோடிங் செய்ய (மென்பொருளில் பொருத்த) வேண்டும், இமொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவியோடும் பொருந்த வேண்டும். கோடிங் செய்து தர ஆள் இருக்கிறாரா என்று உறுதி செய்த பிறகு பணம் கொடுங்கள். இரண்டு சாவியும் கைக்கு வருகிறதா என்பதும் இதே காரணத்துக்காக முக்கியம்.

செயில் பற்றி. 2017 முடிவோடு ஜிஎம் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. அந்த 1.3 டீசல் ஃபியட் மல்டிஜெட் குடும்பம், ஸ்விஃப்ட் டீசலில் ஓடியதும் அதே குடும்பம்தான். அதனால் இன்ஜின் வேலைக்குத் தெரிந்த கைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் கதவு, விளக்கு, டேஷ்போர்டு, வயரிங் எல்லாம் செயிலுக்கே உரியவை, அவை வருடா வருடம் அருகிக்கொண்டே போகின்றன. தினமும் ஈசிஆரில் ஓடுகிற வண்டிக்கு ஒரு பம்பர் கிடைக்காமல் மாதக்கணக்கில் நிற்பது கட்டுப்படியாகாது. என் கை ஈக்கோஸ்போர்ட் பக்கம்தான்.

"ஃபோர்டு திரும்ப வருது" என்ற பேச்சை விலைக்குள் சேர்க்காதீர்கள். 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2024 செப்டம்பரில் மறைமலை நகர் ஆலை குறித்துத் தமிழ்நாடு அரசிடம் விருப்பக் கடிதம் கொடுத்தார்கள், ஆனால் அது ஏற்றுமதிக்கான உற்பத்தி. 2016 ஈக்கோஸ்போர்ட்டின் ஹெட்லைட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

உப்புக்காற்று:
ரெண்டு பேரும் சொல்லாத ஒண்ணு, துரு. கடற்கரை ஓர வண்டியை ராம்ப்ல ஏத்தாம வாங்கவே கூடாது. குட்டி சுத்தியல் ஒண்ணு, டார்ச் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. முன் சப்-ஃப்ரேம், பின் ஆக்ஸில் பீம், பிரேக் பைப் கிளிப் பிடிச்சிருக்கிற இடம், கதவோட அடி மடிப்பு, இதையெல்லாம் தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா இரும்பு இருக்கு. சொத்தையா சத்தம் வந்தாலோ பொருக்கு உதிர்ந்தாலோ உள்ள அரிச்சிருக்கு. ஈக்கோஸ்போர்ட்ல பின் கதவு பக்கவாட்டுல திறக்கும், ஸ்டெப்னி அது மேலயே தொங்குது. கதவைப் பாதி திறந்து மெல்ல மேல தூக்கிப் பாருங்க, கீல்ல ஆட்டம் இருந்தா கதவு தொய்ஞ்சிருக்கு. ஏசி கண்டென்சரோட அலுமினியத் தகடு விரல் பட்டதும் மாவா உதிர்ந்தா, அதுவும் கழிக்க வேண்டிய செலவு.

அடியில புதுசா கறுப்பு கோட்டிங் அடிச்சிருந்தா சந்தோஷப்படாதீங்க. துரு மேல அடிச்ச கோட்டிங் ஈரத்தை உள்ளயே பூட்டிடும். சரியான முறை வேற: கம்பி பிரஷ்ல சுரண்டி, ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, காய்ஞ்சதும் எபாக்சி பிரைமர், அதுக்கு மேலதான் கோட்டிங். கதவுக்குள்ள வாக்ஸ். கதவு அடியில இருக்கிற தண்ணி வடியற ஓட்டையை மட்டும் அடைச்சிடக் கூடாது.

படிவம்28:
பதிவு மாற்றம் குறித்து. கடன் பாக்கி இருந்தால் வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35-ம் கொடுத்து ஆர்.சி.யில் எச்.பி. (கடன் பதிவு) நீக்க வேண்டும். அடுத்து விற்பவர் புதுச்சேரி போக்குவரத்துத் துறையில் படிவம் 28 போட்டு என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) பெற வேண்டும். நிலுவையிலுள்ள இ-சலான்களை அதற்கு முன்பே கட்டச் சொல்லுங்கள். பிறகு உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து. கடலூரில் புதிய எண்ணுக்குப் படிவம் 27. இத்துடன் இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, சேஸிஸ் எண்ணின் பென்சில் அச்சு.

அந்தப் பென்சில் அச்சை வாங்குவதற்கு முன்பே ஒரு முறை நீங்களே எடுத்துப் பாருங்கள். எண் பொறித்த தகட்டில் துரு ஏறியிருந்தால் ஓர் எழுத்து தெளியாமல் போகும், அதற்கே அலைய நேரிடும்.

வெளிமாநில வண்டியைத் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் எண் மாற்றியே ஆக வேண்டும். நீங்கள் வசிப்பது கடலூர், ஆகவே உங்களுக்கு இது பொருந்தும். உரிமை மாற்ற விண்ணப்பத்துக்கு வாங்குபவருக்கு 30 நாள், இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான இன்சூரன்ஸ் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

பலர் மறப்பது ஆயுள் வரி. புதுச்சேரியில் கட்டியது இங்கே செல்லாது. வண்டியின் முதல் விலையையும் வயதையும் வைத்துத் தமிழ்நாட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். முதல் இன்வாய்ஸ் நகலுடன் கடலூர் ஆர்டிஓ அலுவலகத்தில் கணக்குக் கேட்டு, அந்தத் தொகையைச் சேர்த்த பிறகே 4.10 லட்சத்தை மலிவா என்று பாருங்கள்.

மஞ்சை_31:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஈக்கோஸ்போர்ட்டைப் பார்த்துட்டு வந்தேன். சீட் பெல்ட், கனெக்டர் எல்லாம் சுத்தமா இருக்கு, சப்-ஃப்ரேம் கணீர்னு இருக்கு. டைமிங் பெல்ட் பில் இல்லை. ஃபோர்ஸ்கேன் (ஃபோர்டு வண்டியைச் சோதிக்கிற சாஃப்ட்வேர்) போட்டதுல ஃபால்ட் கோடு (கோளாறு எண்) எதுவும் இல்லை. இதோட முடிச்சுடலாமா அண்ணே?

கெடிலக்கரை:
கோடு இல்லைங்கறது மட்டும் போதாது தம்பி. அதுலயே "கோடு அழிச்சதுக்கப்புறம் ஓடின தூரம்"னு ஒரு ரீடிங் இருக்கும், அதைப் பாருங்க. 92,000 ஓடின வண்டியில அது 10, 20 கிலோமீட்டர்னு காட்டினா நேத்துதான் யாரோ துடைச்சிருக்காங்க. அப்படின்னா ஓனரைப் பக்கத்துல உட்கார வெச்சு முள்ளோடை வரைக்கும் போய்த் திரும்புங்க, ஏசி போட்டு, அஞ்சாவது கியர்ல கொஞ்ச தூரம். வந்து வண்டியை அணைச்சு, ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஸ்கேன் போடுங்க. மறைஞ்சிருந்தது திரும்ப வரும்.

இன்னொண்ணு, நீங்க எந்த அடாப்டர் போட்டீங்க? சாதாரண ப்ளூடூத் ஓபிடி (வண்டியோட சோதனை சாக்கெட்ல சொருகுறது) இன்ஜின் லைனை மட்டும்தான் படிக்கும். கதவு, ஏசி பக்கத்து மாட்யூலெல்லாம் இன்னொரு லைன்ல இருக்கு. ரெண்டு லைனுக்கும் மாத்துற சுவிட்ச் வெச்ச அடாப்டரா பார்த்து வாங்கி, லேப்டாப்ல போட்டு ஒரு தடவை எல்லா மாட்யூலையும் படிச்சிடுங்க. தண்ணி பார்த்த வண்டின்னா அந்த ரெண்டாவது லைன்லதான் முதல்ல தெரியும்.

அது சுத்தமா வந்தா, பெல்ட் கிட், வரி, இன்சூரன்ஸ் மூணையும் கூட்டி அந்தத் தொகையைச் சொல்லி விலை பேசுங்க. டோக்கன் அட்வான்ஸ் குடுக்கும்போது "என்.ஓ.சி. வரலைன்னா முழுப் பணமும் திருப்பி"ன்னு ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்கிக்குங்க. மீதிப் பணம் என்.ஓ.சி.யும் ரெண்டு சாவியும் கைக்கு வந்த அன்னிக்கு.