உதவி: விண்கப்பல் விளையாட்டில் பையன் நடுவில் அழுதுவிடுகிறான்

மழைக்கால_அப்பா
வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், சனிக்கிழமை பசங்களோடு மறுபடி உட்கார வேண்டும். மினியேச்சர் விண்கப்பல் விளையாட்டு ஒன்று வாங்கி இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரியவன் ஆசையாகத்தான் ஆரம்பிக்கிறான். முதல் இரண்டு சுற்று நன்றாகப் போகும். அப்புறம் கப்பல் தான் சொன்ன பக்கம் போகவில்லை, நான் ஏமாற்றுகிறேன் என்று ஒரே அழுகை. சின்னவள் கப்பலை ஸ்டாண்டிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு சோஃபாவுக்குப் போய்விடுகிறாள். விதிகளில் பாதியை ஏற்கெனவே தூக்கிவிட்டேன். இன்னும் எதைத் தூக்குவது?

தாயக்கட்டை
எந்த விளையாட்டு? பிள்ளைகளுக்கு என்ன வயது? எந்தப் பாதியைத் தூக்கினீர்கள்?

ராசிபலன்_வேண்டாம்
பெட்டியின் பெயரையாவது சொல்லுங்கள் சகோ. விண்கப்பல் விளையாட்டு என்றால் கடை நிறைய இருக்கிறது.

கமாண்டர்_கதிர்
விளையாட்டு, பதிப்பு, வயது, எத்தனை கப்பல். இந்த நான்கும் இல்லாத இழைக்குப் பதில் எழுதுவதில்லை என்று முடிவெடுத்து வருடங்கள் ஆகின்றன. இருந்தாலும் சொல்கிறேன். இங்கே வந்து கேட்பவர்கள் பெரும்பாலும் எக்ஸ்-விங் என்ற ஸ்டார் வார்ஸ் விளையாட்டை வைத்திருப்பவர்கள்தான். அதுவாக இருந்தால் பெட்டியில் 14+ என்று அச்சிட்டிருப்பார்கள். அழகுக்காக அச்சிடவில்லை. இதைப் பலமுறை பேசியாகிவிட்டது, தேடல் பெட்டி மேலேதான் இருக்கிறது.

மழைக்கால_அப்பா
ஆமாம், எக்ஸ்-விங்தான். பையனுக்கு 6, பாப்பாவுக்கு 4. தெரிந்தவர் ஒருவர் விற்றது.

தாயக்கட்டை
கப்பலின் நகர்வை ரகசியமாகத் தேர்ந்து வைக்கும் டயலைப் பாருங்கள். எளிதான நகர்வுகள் பச்சையில் இருந்தால் 2012இல் வந்த முதல் பதிப்பு. நீலம் என்றால் 2018இன் இரண்டாம் பதிப்பு. கப்பல்களை எண்ணிப் பயனில்லை, இரண்டு பெட்டியிலும் ஒரு எக்ஸ்-விங் கப்பல், எதிரணிக்கு இரண்டு டை ஃபைட்டர்தான்.

மழைக்கால_அப்பா
பச்சை. ஃபோகஸ், டார்கெட் லாக், மேம்பாட்டு அட்டைகள், விமானியின் சிறப்புத் திறன், ஸ்ட்ரெஸ் எதுவும் இல்லை. டயல், நகர்வை அளக்கும் டெம்ப்ளேட், பகடை மட்டும்தான். இதற்குமேல் என்ன இருக்கிறது குறைக்க?

ராசிபலன்_வேண்டாம்
முதல் பதிப்பா, பிழைத்தீர்கள். அணி சேர்க்கும் புள்ளி எல்லாம் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். இரண்டாம் பதிப்பில் அதற்கும் போனை எடுக்கவேண்டும்.

கமாண்டர்_கதிர்
ஆறு வயதுப் பையனுக்குப் புள்ளிக்கணக்கு எதற்கு? இரண்டாம் பதிப்பில்தான் குழந்தைகளுக்கு ஏற்ற 'குயிக் பில்ட்' அட்டைகள் உண்டு. எடுத்து வைத்தால் கப்பல் தயார். தெரியாமல் பேசக்கூடாது.

ராசிபலன்_வேண்டாம்
இவர் புள்ளிக்கணக்கே வைக்கவில்லை என்கிறார், நீங்கள் அட்டையை விற்கிறீர்கள். அந்த விளையாட்டுக்குப் புதிதாக எதுவும் செய்யப்போவதில்லை என்று தயாரித்தவர்களே 2024இல் அறிவித்துவிட்டார்கள். இனி எந்தப் பதிப்பாக இருந்தால் என்ன?

நெப்டியூன்_டீக்கடை
சண்டையை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பகடையைச் சொல்கிறேன், பிரச்சினை அங்கேதான்.

சுடுவதற்குச் சிவப்புப் பகடை, தப்பிப்பதற்குப் பச்சை. சிவப்புப் பகடைக்கு எட்டு முகம். அடி 3, பலத்த அடி 1, கண் 2, வெற்று 2. கண்ணை அடியாக மாற்றுவது ஃபோகஸ் டோக்கன்தான், அது இல்லையென்றால் கண் எதற்கும் ஆகாது. அதாவது பாதி முகம் வீண். எக்ஸ்-விங் மூன்று சிவப்பு உருட்டினால் சராசரியாக ஒன்றரை அடி. எதிரே டை ஃபைட்டர் மூன்று பச்சை உருட்டும், அதில் முகத்துக்கு எட்டில் மூன்று தப்பிப்பு, ஆக ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. மிஞ்சுவது சராசரியாக முக்கால் அடிகூட இல்லை. பையன் சுட்டுக்கொண்டே இருப்பான், பல தடவை எதுவும் விழாது. எந்தக் குழந்தைதான் அழாது? ஃபோகஸை எடுத்த கையோடு, சிவப்பில் கண் விழுந்தாலும் அடிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சையில் தொடாதீர்கள். மூன்று சிவப்புக்கு இரண்டேகால் அடி வரும், ஆட்டம் சீக்கிரம் முடியும்.

கமாண்டர்_கதிர்
அப்படிச் செய்தால் அது எக்ஸ்-விங் இல்லை. ஸ்ட்ரெஸ்ஸையும் எடுத்துவிட்டாராம். டயலில் சிவப்பாக இருக்கும் கடினமான நகர்வுக்கு விலையே ஸ்ட்ரெஸ்தான், அது இருக்கும்வரை அடுத்த சிவப்பு நகர்வு கிடையாது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றும் கொயோகிரான் போட்டு அப்படியே பின்னால் திரும்பி நிற்கலாம். பறத்தல் என்பதே போய்விடும். ஸ்ட்ரெஸ்ஸை எடுப்பவர் சிவப்பு நகர்வுகளையும் சேர்த்து எடுக்கவேண்டும், இதுகூடத் தெரியாமல் விதி திருத்தக் கிளம்பிவிடுகிறார்கள்.

(இதில் அவர் சொல்வது சரிதான் என்பது எனக்கே எரிச்சலாக இருக்கிறது. – தாயக்கட்டை)

இரட்டைப்பின்னல்
எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அப்பா ஜெயிக்கிறார், பிள்ளை அழுகிறான். இதில் பகடைக்கணக்கு எதற்கு? தோற்றுவிடுங்கள். என் பெண்ணுக்கு ஏழு வயது ஆகும்வரை நான் எதிலும் ஜெயித்ததில்லை.

ராசிபலன்_வேண்டாம்
அப்படித் தோற்றுக்கொடுத்து வளர்த்தால் பள்ளியில் ஒரு ஓட்டப்பந்தயம் தோற்றதும் உடைந்துபோவான். வீட்டில் தோற்கப் பழகட்டும்.

இரட்டைப்பின்னல்
ஆறு வயது ஐயா. ஐஏஎஸ் நேர்முகத் தேர்வு இல்லை.

ராசிபலன்_வேண்டாம்
நாங்களும் ஆறு வயதில் பல்லாங்குழியில் பாட்டியிடம் தோற்றவர்கள்தான். பாட்டி ஒரு சோழி விட்டுக்கொடுத்ததில்லை.

இரட்டைப்பின்னல்
அதன் விளைவைத்தான் இங்கே படித்துக்கொண்டிருக்கிறோம்.

வடமராட்சி_வான்
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. பெட்டிக்குள் டை ஃபைட்டர் ரெண்டு இருக்குதே. பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்து ஒரே அணியாக நிற்கட்டும், தகப்பன் எக்ஸ்-விங்கோடு தனியாக வரட்டும். ஒரே மாதிரிக் கப்பல் என்றபடியால் எனக்கு அதுதான் வேணும் என்ற சண்டை இல்லை. டை ஃபைட்டருக்கு ஷீல்டும் இல்லை, மூன்று அடி வாங்கினால் கதை முடிந்தது. தோற்றாலும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் தோற்பினம், அழுகை பாதியாகும்.

மழைக்கால_அப்பா
இருவருக்கும் எக்ஸ்-விங்தான் வேண்டுமாம். டை ஃபைட்டர் கெட்டவர்களுடையது என்று பாப்பா தொடவே மாட்டாள்.

வடமராட்சி_வான்
அதைக் கெட்டவர்களுடையது என்று அவளுக்குச் சொன்னது ஆர்?

காகிதராக்கெட்
எல்லோரும் எக்ஸ்-விங்கையே கட்டிக்கொண்டு அழவேண்டுமா? ஃபுல் த்ரஸ்ட் என்று தொண்ணூறுகளில் வந்த விண்கப்பல் விளையாட்டு இருக்கிறது. விதிப் புத்தகம் இணையத்தில் இலவசம், அச்செடுத்துக்கொள்ளலாம். சாதாரண ஆறுமுகப் பகடை போதும். 4, 5 விழுந்தால் ஒரு சேதம், 6 விழுந்தால் இரண்டு. கப்பலுக்குப் பாட்டில் மூடி வைத்தாலும் ஓடும். வேகத்தைக் கூட்டிக் கழித்து எழுதுவதால் கணக்கும் வரும்.

தாயக்கட்டை
நல்ல விளையாட்டுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு கப்பலுக்கும் உத்தரவைத் தாளில் எழுதவேண்டும். பாப்பாவுக்கு 4 வயது, இன்னும் அ, ஆ முடித்திருக்கமாட்டாள்.

காகிதராக்கெட்
அப்பா எழுதட்டும்.

தையல்மிஷின்
புது உறுப்பினர், தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பையன் மேசையில் எந்தப் பக்கம் உட்காருகிறான்? இடம் மாறுகிறானா?

கமாண்டர்_கதிர்
உட்காரும் இடத்துக்கும் விதிக்கும் என்ன சம்பந்தம்?

மழைக்கால_அப்பா
எனக்கு எதிரில். மாறுவதில்லை, நாற்காலியை விட்டு இறங்கினால் ஓடிவிடுவான் என்று நானே உட்காரவைத்திருக்கிறேன். அவன் டயலைச் சுற்றி வைப்பான், கை எட்டாது என்று நான் கப்பலை நகர்த்துவேன். ஏன்?

தையல்மிஷின்
அப்படியென்றால் அவன் அழுவது தோல்விக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

ஆட்டம் தொடங்கும்போது அவன் கப்பல் உங்களைப் பார்த்து நிற்கும், அதாவது அவனும் கப்பலும் ஒரே திசை. டயலில் இடதுபக்க அம்பு வைத்தால் கப்பல் அவனுக்கும் இடதுபக்கம் போகும். அதனால்தான் முதல் இரண்டு சுற்றில் சண்டை இல்லை. கப்பல்கள் ஒன்றையொன்று தாண்டித் திரும்பியதும் அவன் கப்பல் அவனையே பார்த்து வருகிறது. டயலில் உள்ள அம்பு கப்பலின் இடதுபக்கத்தைச் சொல்கிறது, உட்கார்ந்திருப்பவரின் இடதுபக்கத்தை இல்லை. இடது அம்பு வைக்கிறான், கப்பல் அவன் வலக்கைப் பக்கம் போகிறது. அதையும் நீங்கள் உங்கள் கையால் நகர்த்துகிறீர்கள். அவன் கண்ணுக்கு அது ஏமாற்றுவேலைதான். நமக்கு மனதுக்குள் திருப்பிப் பார்க்கப் பழகிவிட்டது, ஆறு வயதில் அது சுலபமாக வராது.

நாற்காலியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றும் தன் கப்பலின் வால்பக்கம் போய் நின்று, மூக்கு போகும் திசையைப் பார்த்து டயலைச் சுற்றட்டும். டெம்ப்ளேட்டைக் கப்பலடியின் முன்பக்கப் பள்ளத்தில் செருகுவதும், கப்பலை எடுத்து மறுமுனையில் வைப்பதும் அவனே செய்யட்டும். கொஞ்சம் கோணலாகத்தான் வைப்பான், கண்டுகொள்ளாதீர்கள். மூன்றடிக்கு மூன்றடி மைதானத்தில் விளிம்பைத் தாண்டினால் கப்பல் அழிந்தது என்ற விதியையும் இப்போதைக்கு விட்டுவிடலாம், விளிம்பில் திருப்பி வைத்தால் போதும்.

பாப்பாவுக்கு டயலே வேண்டாம். மூன்று டெம்ப்ளேட்டை நீட்டி எது வேண்டும் என்று கேளுங்கள், கையில் எடுத்ததுதான் நகர்வு. ஒளிவுமறைவு அண்ணனுக்கு மட்டும் இருக்கட்டும்.

தாயக்கட்டை
அட. 2004இல் வந்த விங்ஸ் ஆஃப் வார் விமானச் சண்டை விளையாட்டில் டயலே கிடையாது. அம்பு வரைந்த அட்டையை விமானத்தின் மூக்குக்கு முன்னால் வைத்து, அம்பு முடியும் இடத்துக்கு விமானத்தை நகர்த்தவேண்டும். அதில் என் அக்கா பையன் ஒருநாளும் குழம்பியதில்லை, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. டயலுக்குப் பதில் அப்படி அட்டையே வரைந்துகொடுத்தாலும் நடக்கும்.

கமாண்டர்_கதிர்
இதைத்தான் நானும் சொல்லவந்தேன். டயலை வாசிக்கத் தெரியவேண்டும், அதற்குத்தான் 14+.

இரட்டைப்பின்னல்
எங்கே சொன்னீர்கள்? மேலே ஏறிப் பார்த்தேன், தேடல் பெட்டிதான் இருக்கிறது.

காகிதராக்கெட்
ஃபுல் த்ரஸ்டில் கடிகார முள் போல 1 முதல் 12 வரை திசை எண். இந்த இடது-வலது குழப்பம் பாதி குறையும்.

நெப்டியூன்_டீக்கடை
இடம் மாறி உட்கார்ந்தாலும் பகடை முக்கால் அடிகூடத் தராது. நான் சொன்னதை மறக்காதீர்கள்.

மழைக்கால_அப்பா
விளையாடிவிட்டோம். நாற்காலியை எடுத்துவிட்டேன், மேசையைச் சுற்றி ஓடி ஓடி டயல் வைத்தான். அழவில்லை. கண் விழுந்தால் அடி என்றும் வைத்தேன், என் டை ஃபைட்டர் இரண்டும் காலி. நான் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. பாப்பா மூன்று நகர்வு எடுத்துவிட்டு மறுபடி சோஃபா. ஸ்டாண்டின் பிளாஸ்டிக் காம்பு ஒன்று உடைந்துவிட்டது. நன்றி, குறிப்பாகத் தையல்மிஷினுக்கு.

ராசிபலன்_வேண்டாம்
வாழ்த்துகள் சகோ. அடுத்தமுறை அவன் தோற்கும்போது என்ன செய்கிறான் என்று எழுதுங்கள்.

கமாண்டர்_கதிர்
சிவப்பு நகர்வுகளை எடுத்தீர்களா இல்லையா?

நெப்டியூன்_டீக்கடை
பெட்டியை என்ன விலைக்கு வாங்கினீர்கள்? என்னிடமும் காம்பு உடைந்த டை ஃபைட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது.

கமாண்டர்_கதிர்
பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான்.