படகில் வழி பார்க்க டேப்லெட்: ஜிபிஎஸ் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓடக்காரன்:
வணக்கம். என்னிடம் 20 அடிப் படகு ஒன்று இருக்கிறது. கரை கண்ணில் படும் தூரத்திலேயே ஓட்டுவேன், மிஞ்சிப்போனால் ஐந்தாறு கடல் மைல். கைபேசித் திரை சிறிதாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்த 10 அங்குல டேப்லெட்டில் கடல் வரைபடச் செயலியைப் போட்டேன். மொட்டை மாடியில் நிற்கும் இடத்தைச் சரியாகக் காட்டியது. படகுத்துறையிலும் காட்டியது. கிளம்பிக் கால் மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், படகுக் குறி இன்னும் துறையிலேயே நிற்கிறது. செயலியை மூடித் திறந்தேன், லொகேஷனை அணைத்துப் போட்டேன், டேப்லெட்டையே அணைத்துப் போட்டேன். குறி அசையவில்லை.

முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு உண்டு. திரும்பும்போது வெளிச்சம் போய்விட்டது. ஒரு கையில் சுக்கான், இன்னொரு கையில் கைபேசி என்று உள்ளே வந்தேன். மிகவும் பயந்துவிட்டேன். கோளாறு செயலியிலா, டேப்லெட்டிலா? புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

நங்கூரம்:
நல்லபடியாகக் கரை சேர்ந்தீர்களே, அதுவே பெரிது. ஒரு கேள்வி: டேப்லெட்டில் சிம் போடும் இடம் இருக்கிறதா?

ஓடக்காரன்:
இல்லை அண்ணா, வைஃபை மட்டும்தான்.

நங்கூரம்:
அப்படியென்றால் அதில் ஜிபிஎஸ் சிப்பே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். மாடியிலும் துறையிலும் இடத்தைக் காட்டியது செயற்கைக்கோளை வைத்து அல்ல, அக்கம்பக்கத்து வைஃபை ரூட்டர்களை வைத்து. எந்த ரூட்டர் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் இணையத்தில் இருக்கும். டேப்லெட் தன் காதில் விழும் ரூட்டர்களை அதோடு ஒப்பிட்டு இடத்தைச் சொல்லிவிடும். தண்ணீரில் ஏது ரூட்டர்? கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

உறுதி செய்ய: ஃபிளைட் மோடைப் போடுங்கள், வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருக்கட்டும். வானம் திறந்த இடத்தில் வரைபடத்தைத் திறந்து இருநூறு அடி நடங்கள். குறி உங்களோடு நடந்து வந்தால் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற செயலி எந்தெந்தச் செயற்கைக்கோள் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகவே காட்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இது. ஐபேடில் வைஃபை மட்டும் உள்ள எந்த மாடலிலும் ஜிபிஎஸ் கிடையாது. செல்லுலார் மாடலில்தான் உண்டு. அதற்காகச் சிம் போட வேண்டும், மாதக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதில்லை. சிப் உள்ளே இருந்தால் போதும். ஆண்ட்ராய்டில் பொதுவிதி இல்லை: சாம்சங் கேலக்ஸி டேப் எஸ் வரிசையில் வைஃபை மாடலிலும் ஜிபிஎஸ் இருக்கும், விலை குறைந்த பல டேப்லெட்டுகளில் இருக்காது. விவரத்தாளில் ஜிபிஎஸ், அதே மாதிரியான ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ என்று எழுத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். "லொகேஷன் வசதி உண்டு" என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

ஓடக்காரன்:
ஃபிளைட் மோடில் நடந்து பார்த்தேன். குறி அப்படியே நிற்கிறது. அதே இடத்தில் கைபேசியில் கூடவே வருகிறது. ஆனால் கைபேசியும் முதலில் இடத்தைப் பிடிக்க இரண்டு நிமிடம் எடுத்தது. அது ஏன்?

நங்கூரம்:
இணையம் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்ற விவரம் நொடியில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் செயற்கைக்கோளே அனுப்பும் வரை காத்திருந்து வாங்க வேண்டும். தன் பாதை விவரத்தை ஒவ்வொன்றும் 30 நொடிக்கு ஒரு முறை அனுப்பும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுதாக வர 12.5 நிமிடம். அதனால் துறையை விட்டு இறங்கும் முன்பே செயலியைத் திறந்து, குறி நிலைத்த பிறகு கயிற்றை அவிழ்ப்பது நல்ல பழக்கம். வரைபடத்தையும் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், கடலில் இணையத்தை நம்ப முடியாது.

கரைவலை:
புது டேப்லெட்தான் வேண்டும் என்றில்லை நண்பரே. புளூடூத் ஜிபிஎஸ் கருவி தனியாகக் கிடைக்கிறது, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. கார்மின் குளோ 2 மாதிரி. நொடிக்கு 10 முறை இடத்தைச் சொல்லும். ஐபேடுக்கு ஆப்பிள் அனுமதி பெற்ற கருவியாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷனில் போய் மாக் லொகேஷன் (வெளியிலிருந்து வரும் இடத்தை ஏற்பது) என்பதற்கு ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். படகில் ஏற்கெனவே வைஃபை உள்ள ஏஐஎஸ் கருவி (அக்கம்பக்கத்துக் கப்பல்கள் எங்கே என்று காட்டுவது) இருந்தால் அதுவும் இடத்தைக் கொடுக்கும். ஓப்பன்சிபிஎன் போன்ற கடல் வரைபடச் செயலிகள் அதை நேராக வாங்கிக்கொள்ளும்.

உப்புக்காற்று:
கரைவலை சொல்வது சரி, ஆனால் சார்ஜ் போட வேண்டிய பொருள் இன்னொன்று கூடிவிடும். தனியாகப் போகிறவருக்கு உள்ளேயே ஜிபிஎஸ் உள்ளதைத்தான் நான் சொல்வேன்.

அப்புறம், இதுவரை யாரும் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரைதான். வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, கறுப்பு உறையில், சார்ஜும் போட்டு வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? முதலில் திரை தானாக மங்கும். பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும். கடைசியில் வெப்ப எச்சரிக்கையைக் காட்டி ஒதுங்கிவிடும். நிழலில், காற்று படும்படி மாட்டுங்கள்.

இன்னொன்று உப்புத் தண்ணீர். ஒரு முறை அணியத்தில் அலை அடித்து நாலைந்து துளி திரையில் தெறித்தது. வரைபடம் தானாகப் பெரிதானது, சிறிதானது, எங்கோ ஓடியது. துளியை விரல் என்று திரை நினைத்துக்கொள்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் படலம் பரவுமே தவிரப் போகாது. நல்ல தண்ணீர் கொஞ்சமும் காய்ந்த பருத்தித் துணியும் பக்கத்தில் இருக்கட்டும். பேனா உள்ள டேப்லெட் என்றால் இந்த இடத்தில் மிகவும் உதவும். கேலக்ஸி டேப் ஆக்டிவ் வரிசையில் பேனாவும் உண்டு, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி68 காப்பும் உண்டு. ஆனால் ஐபி68 சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. சார்ஜ் துளையில் உப்பு போனால் அரித்துவிடும், ஈரம் காயாமல் ஒயரைச் சொருகாதீர்கள்.

நங்கூரம்:
சார்ஜர் பேச்சு வந்ததால் ஒன்று. 12 வோல்ட்டில் சொருகும் மட்டமான சார்ஜர் சில விஎச்எஃப் செட்டில் (படகில் பேசும் ரேடியோ) இரைச்சலைக் கிளப்பும். செட்டின் ஸ்குவெல்ச்சை, அதாவது இரைச்சலை அடக்கும் குமிழை, இரைச்சல் அடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சார்ஜரைச் சொருகுங்கள். இரைச்சல் மறுபடி வந்தால் அந்தச் சார்ஜர் படகுக்கு வேண்டாம். யாராவது உதவி கேட்டால் உங்கள் காதில் விழாமல் போகும்.

ஓடக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. செல்லுலார் மாடல் ஒன்றையே வாங்கிவிட்டேன், சிம் போடவில்லை. நேற்றுக் காலை ஃபிளைட் மோடிலேயே வெளியே போய் வந்தேன். போன தடமும் வந்த தடமும் முகத்துவாரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கோடாக விழுந்திருக்கின்றன. திட்டின் ஓரத்தை மிக நெருக்கமாகப் பெரிதாக்கிப் பார்த்தும் ஓட்டலாமா?

நங்கூரம்:
வேண்டாம். உங்கள் இடம் சில மீட்டருக்குள் சரியாக இருக்கும், வரைபடம் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. திட்டு நகரும், அளந்தது பழையதாக இருக்கலாம். அங்கே மிதவையையும் ஆழமானியையும் பாருங்கள். கைபேசியையும் சார்ஜோடு நீர் புகாத பையில் வைத்திருங்கள், திசைகாட்டியும் காகித வரைபடமும் இருக்கட்டும்.

உப்புக்காற்று:
தாங்கியைத் திருகும் முன் நீங்கள் போடும் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு முறை பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடி என்றால் சில திரைகள் ஒரு வாக்கில் வைக்கும்போது முழுக்க இருண்டுவிடும். நெடுக்கிலும் குறுக்கிலும் திருப்பிப் பார்த்து, தெரிகிற வாக்கில் மாட்டுங்கள்.