முழங்கால் ஆபரேஷனா, ரீகேட் போர்டா: எது முதலில்?

கேட்டவர்: காலாட்படை நாயக், 11 வருட சர்வீஸ்

வணக்கம். ஏழு மாதங்களுக்கு முன் பி.பி.இ.டி. (போர் உடல்திறன் தேர்வு) பயிற்சியில் ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டி இறங்கும்போது வலது முழங்கால் மடங்கிவிட்டது. 'டப்' என்று ஒரு சத்தம். யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் மாத்திரையும் கட்டும் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் படியிறங்கும்போதெல்லாம் கால் பிடியில்லாமல் நழுவுகிறது. ஸ்கேன் எடுத்தால் ஏ.சி.எல். என்ற முழங்கால் தசைநார் முழுதாகக் கிழிந்திருக்கிறது. ஏ3 (கை, கால் குறைபாடு), தற்காலிகம், 24 வாரம் என்று மருத்துவக் கேட்டகரி போட்டார்கள். அடுத்த மாதம் ரீகேட் போர்டு, அதாவது அந்தக் கேட்டகரியை மறுபடி பார்த்து முடிவு செய்யும் மருத்துவக் குழு. அதற்கு முன்பே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

"ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடு, போர்டில் வலியில்லை என்று சொல்லி ஷேப்-1 (முழு உடல்தகுதி) வாங்கு, பிறகு லீவில் ஊருக்குப் போய்த் தனியாரிடம் செய்துகொள்" என்கிறான் பக்கத்துக் கட்டில்காரன். ஹவில்தார் பிரமோஷன் நெருங்குகிறது. எனக்கும் சபலம்தான். என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற நர்சிங் அசிஸ்டன்ட்

தம்பி, கட்டில்காரர் போர்டில் உட்கார்ந்ததில்லை என்று தெரிகிறது. போர்டுக்கு முன்பே எலும்பு ஸ்பெஷலிஸ்ட் தன் கருத்தை எழுதிவிடுவார். முழங்காலைச் சற்று மடக்கி, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்ப்பார். கிழிந்த தசைநார் தடுக்காது, எலும்பு முன்னால் வந்துவிடும். வாய் என்ன சொன்னாலும் கால் உண்மையைச் சொல்லிவிடும்.

மறுத்து எழுதிக் கொடுப்பதும் வேண்டாம். பணியிலிருந்து விடுபடும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு படிவத்தில் 'ஆபரேஷனை மறுத்தாரா, மறுத்தது நியாயமா, செய்திருந்தால் ஊனம் எத்தனை சதவீதம் குறைந்திருக்கும்' என்றெல்லாம் கேட்டிருக்கும். இன்று போடும் கையெழுத்து நீங்கள் பென்ஷன் போகும் நாளில் எழுந்து வரும். அதற்கிடையில் நழுவும் காலோடு ஓடினால் உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் கிழியும். தற்காலிகக் கேட்டகரியில் சிகிச்சை எடுப்பது குற்றமில்லை, அந்தக் கேட்டகரியே அதற்காகத்தான்.

பதில்: முன்னாள் சிக்னல்ஸ்காரர்

ஊனப் பென்ஷனைப் பற்றிப் பயப்படாதீர்கள். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சேரும்போது பதிவாகாத நோய் பிறகு வந்தால், பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற சுபேதார்

அண்ணே, அது வலிப்பு நோய் வழக்கு. இங்கே காயம். எங்கே, எப்போது, என்ன வேலையில் பட்டது என்று காகிதம் வேண்டும். ஊனப் பென்ஷனுக்கு 20 சதவீத ஊனம் மட்டும் போதாது, அது பணியால் வந்தது அல்லது பணியால் அதிகமானது என்றும் நிற்க வேண்டும். தம்பி, ஒரே ஒரு கேள்வி. இஞ்சுரி ரிப்போர்ட், அதாவது ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற காயப் படிவம், போட்டார்களா?

கேட்டவர்

இல்லை ஐயா. வெறும் சுளுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பதில்: ஓய்வுபெற்ற சுபேதார்

அப்படியானால் உங்கள் பிரச்சினை ஆபரேஷன் அல்ல, இதுதான். நாளைக்கே கம்பெனி கமாண்டர் வழியாக சி.ஓ.வுக்கு (யூனிட் தலைமை அதிகாரிக்கு) அந்த ரிப்போர்ட் கேட்டு விண்ணப்பம் எழுதுங்கள். எம்.ஐ. ரூம் பதிவேட்டில் அன்றைய தேதி இருக்கும், அதைக் குறிப்பிடுங்கள். அன்று பயிற்சி நடத்திய என்.சி.ஓ.வும் கூட ஓடியவர்களும் சாட்சி. போஸ்டிங்கில் கலைந்து போவதற்குள் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் நகல் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும். பிரமோஷன் விஷயத்தை ஹெட் கிளர்க்கிடம் கேளுங்கள், கட்டில்காரரிடம் வேண்டாம்.

கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து)

பதிவேட்டில் என் பெயர் இருந்தது, 'வலது முழங்கால், பி.பி.இ.டி.' என்றே எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் சாட்சி எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் இப்போது ஜம்முவில், போனில் பிடித்தேன். விண்ணப்பம் வாங்கிக்கொண்டார்கள். ஆபரேஷன் தேதியை மாற்றவில்லை. இன்னொரு சந்தேகம்: ஊர் வீட்டில் குத்தவைக்கும் கழிப்பறைதான். சிக் லீவில் போவதற்குள் மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: ஓய்வுபெற்ற நர்சிங் அசிஸ்டன்ட்

பல மாதங்களுக்குக் குத்தவைக்க விடமாட்டார்கள். கொத்தனாரை இப்போதே வரச்சொல்லுங்கள்.