எவாஞ்சலியன் தொடக்கப் பாடல் அந்தக் கதைக்குப் பொருந்துகிறதா?

கார்முகில்:
‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ தொடரின் தொடக்கப் பாடலே அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பாடல்களில் தலைசிறந்தது என்று பலர் எழுதி வருகிறார்கள். அதைப் பாடிய யோகோ தகஹாஷியின் குரல் எனக்கும் மிகவும் பிடித்தமானதுதான். ஆனால் 1995 அக்டோபரில் டிவி டோக்கியோவில் தொடங்கிய அந்தத் தொடர், தந்தையால் ஒதுக்கப்பட்ட 14 வயதுச் சிறுவன் ஷின்ஜி சிறிது சிறிதாக மனம் உடைந்துபோவதைச் சொல்கிறது. பாடலோ வெற்றி விழாவுக்குப் புறப்பட்டதுபோல் துள்ளுகிறது. பாடலாசிரியர் நெகோ ஒய்கவா தொடரை முழுமையாகப் பார்த்து எழுதியவரும் அல்லர். கையில் கிடைத்த சிறிதளவை வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓரிரு மணி நேரத்திலேயே எழுதி முடித்ததாக அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். அப்படிப் பிறந்த வரிகளைக் கதையின் உயிர் என்று புகழ்வது மிகையாகத் தோன்றுகிறது.

கயல்விழி:
துள்ளல் என்று நீங்கள் சொல்வது தாளத்தில் மட்டுமே இருக்கிறது. ஹிதேதோஷி சாதோவின் மெட்டு, சோகச் சாயல் கொண்ட சி மைனர் சுரவரிசையில் அமைந்தது. டிரம்ஸும் பித்தளைக் கருவிகளும் முன்னே தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்தச் சோகம் சட்டென்று பிடிபடுவதில்லை. அவற்றை விலக்கிவிட்டுப் பியானோவில் மெதுவாக வாசித்தால் அதே மெட்டு இரங்கல் பாட்டாகவே ஒலிக்கும்.

தொடக்கத்தையே கேட்டுப் பாருங்கள். தாளம் எதுவும் சேராமல், தகஹாஷியின் குரல் ஏறக்குறைய தனித்து நின்று, அந்தச் சிறுவனைப் பெருங்கதையின் நாயகனாக ஆகும்படி அழைக்கிறது. அதன் பிறகே இசை வெடித்துக் கிளம்புகிறது. யாரும் கேட்காமலேயே ஒரு குழந்தையின் தலையில் உலகத்தின் சுமையை ஏற்றும் கதைக்கு இதைவிடச் சரியான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

தொடரை இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தவிர்த்துவிடுங்கள். வரிகள் முழுவதும், தன்னை விட்டுப் பறக்கப்போகும் சிறுவனைப் பார்த்து வயதில் மூத்த ஒரு பெண் பேசுவதாக அமைந்திருக்கின்றன. ஷின்ஜி ஏறிப் போரிடும் எவா 01 என்ற ராட்சதப் போர் இயந்திரத்துக்குள் இருப்பது அவனுடைய தாயின் ஆன்மா என்று தெரிந்த பிறகு, அந்தப் பாடலை முன்புபோல் கேட்க முடிவதில்லை. ஒய்கவா எவ்வளவு பார்த்தார் என்பது எனக்குப் பொருட்டாகவே இல்லை. கையில் கிடைத்த சிறிதளவிலிருந்தே கதையின் ஆழத்தில் ஒரு தாய் இருக்கிறாள் என்பதைத் தொட்டுவிட்டார்.

தழல்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இயக்குநர் ஹிதேகி அன்னோ முதலில் விரும்பியது ரஷ்ய இசையமைப்பாளர் போரோதினின் ‘போலோவ்ட்சிய நடனங்கள்’ என்ற இசையை என்றும், தொலைக்காட்சித் தரப்பு அதற்கு உடன்படவில்லை என்றும் சொல்லப்படுவதுண்டு. அது நடந்திருந்தால் கம்பீரமான தொடக்கம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும். ஆனால் சிறுவனை நோக்கிப் பேசும் இந்தக் குரல் கிடைத்திருக்காது.

கார்முகில்:
தாயின் குரல் என்ற வாசிப்பை நான் மறுக்கவில்லை. ஆனாலும் 90 வினாடித் தொடக்கத்தை ஆளுவது காட்சித் தொகுப்புதான் என்பதில் உறுதியாக இருக்கிறேன். வாழ்வின் மரம் என்னும் யூத மறைஞான வரைபடமும், முகங்களும், எழுத்துகளும் கண் இமைப்பதற்குள் தாளத்தோடு வந்து மறைகின்றன. அந்தப் படங்களை நீக்கிவிட்டால், எஞ்சுவது நேர்த்தியான ஒரு 90-களின் பாப் பாடல் மட்டுமே.

கயல்விழி:
அப்படியானால் படமே இல்லாத இடத்தில் அது எப்படி நிலைக்கிறது? ஜப்பானியக் கரோக்கே அறைகளில் தொடரைப் பார்த்திராதவர்கள்கூடத் தலைமுறை தாண்டி அதைப் பாடுகிறார்கள். ஒளிபரப்பாகிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர், 2011-இல், அதிக உரிமத்தொகை ஈட்டிய பாடலுக்கு ஜப்பானிய இசைக் காப்புரிமை அமைப்பான ஜாஸ்ராக் வழங்கும் தங்க விருது அதற்குக் கிடைத்தது. ஓடும் படங்கள் அந்தப் பாடலின் வேகத்தைப் பிடித்துக்கொண்டன என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒவ்வொரு காட்சி வெட்டும் எங்கே விழ வேண்டும் என்பதை முடிவு செய்தது ஓமோரி தோஷியுகி அமைத்த இசைக்கோவையின் தாளம்தான்.