கலைச்சொல்: ‘இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்ற முடிவுக்கு என்ன பெயர்?

மடல் 1

அன்பின் குழுவினருக்கு,

உளவியல் பட்டியலில் ஓரிடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது: ‘இம்ப்ளிமென்டேஷன் இன்டென்ஷன்’. கையில் இருக்கும் வரைவுகள் இரண்டு. ‘நடைமுறைப்படுத்தல் எண்ணம்’ சொல்லுக்குச் சொல் வைத்தது. ‘அமுலாக்கல் நோக்கம்’ என்பதைப் படித்தால், வர்த்தமானியில் வந்த சட்டம் எப்போது நடைமுறைக்கு வரும் என்றுதான் கேட்கத் தோன்றும். இதே சொல் நீரிழிவுக் கிளினிக்குக்கான துண்டுப்பிரசுரத்துக்கும் வேண்டும். பொருள் தெரிந்தவர்கள் முதலில் அதை விரித்துச் சொல்லுங்கள். பெயரைப் பிறகு வைக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை

மடல் 2

ஐயா,

இரண்டு வரைவிலும் பிழை இரண்டாம் சொல்லில் இருக்கிறது. எண்ணம் மட்டும் போதாது என்று காட்டுவதற்காகவே உளவியலாளர் பீற்றர் கோல்விற்சர் 1990களில் இந்தக் கருத்தை முன்வைத்தார். ‘இனி நாளும் நடக்கப் போகிறேன்’ என்பது இலக்கெண்ணம். எதை அடைய வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. ‘வேலையால் வந்து கதவைத் திறந்ததும், கதிரையில் இருக்காமல் சப்பாத்தை மாற்றி ஒழுங்கை முடிவு வரை நடப்பேன்’ என்பது நாம் பெயர் தேடும் பொருள். எப்போது, எங்கே, எப்படி என்ற மூன்றும் முன்கூட்டியே தீர்ந்துவிட்டன. இரண்டையும் ‘எண்ணம்’ என்றால், ஒன்று மற்றதன் உட்பிரிவு என்று மாணவர் எழுதி வைப்பார்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கு உண்டு. 2006இல் வெப், ஷீரன் இருவரும் 47 பரிசோதனைகளைத் தொகுத்தார்கள். எண்ணத்தை 0.66 அளவுக்கு மாற்றினால், நடத்தை மாறுவது 0.36 தான். (இரண்டும் நியம விலகலை அலகாகக் கொண்ட வேறுபாடு.) மீதி வழியில் சிந்திவிடுகிறது. அதே ஆண்டில் கோல்விற்சரும் ஷீரனும் இத்தகைய திட்டங்களைச் சோதித்த 94 முடிவுகளைச் சேர்த்தபோது விளைவு 0.65 என்று வந்தது. 2024இல் ஷீரன் குழுவினர் 642 சோதனைகளைத் தொகுத்தார்கள். எதை அளந்தோம் என்பதைப் பொறுத்து விளைவு 0.27 முதல் 0.66 வரை போகிறது. ஆக, எல்லா இடத்திலும் ஒரே பலன் என்று யாரும் விற்க முடியாது. திட்டம் ‘இது நடந்தால் அது’ என்ற வடிவில் இருந்து, ஆளுக்கு உண்மையிலேயே விருப்பம் இருந்து, அதை மனதுக்குள் சொல்லியும் பார்த்தால் பலன் கூடுகிறது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் பெயருக்கு முக்கியம். முன்கூட்டித் தேர்ந்த சந்தர்ப்பம் மனதில் விழிப்பாக நிற்பதால், வரும்போது சட்டென்று கண்ணில் படுகிறது. செயல் அதோடு கட்டப்பட்டிருப்பதால், அந்த நேரத்தில் மறுபடி யோசிக்கத் தேவையில்லை. ‘இன்றைக்குப் போவோமா விடுவோமா’ என்ற பேரம் தொடங்குமுன்பே கை நீண்டுவிடுகிறது. பெயரில் அந்தச் சந்தர்ப்பமும் வேண்டும், முடிவு தீர்ந்துபோன தன்மையும் வேண்டும்.

உளவியல் விரிவுரையாளர், கொழும்பு 7

மடல் 3

வணக்கம். விரிவுரையாளர் அம்மா சொன்னதற்குப் பாமசிப் பக்கத்திலிருந்து சில சேர்க்கைகள்.

நீரிழிவு மாத்திரையான மெற்போமின் உறையில் ‘நாளுக்கு இருமுறை, சாப்பாட்டோடு’ என்று எழுதுகிறோம். அது எங்கள் அறிவுறுத்தல். நோயாளியின் திட்டம் அல்ல. திட்டமாக வேண்டுமென்றால் அவரே தன் வாயால் முழு வசனமாகச் சொல்ல வேண்டும். ‘காலையில்’ என்பது ஒன்றும் ஆகாது, காலை நீளமானது. ‘ஏழு மணிக்கு’ என்பது வேலைநாளில் சரி, போயாவிலும் ஞாயிறிலும் வழுக்கும். ‘இடியப்பத்தைத் தட்டில் போட்டதும் மாத்திரையைத் தட்டின் ஓரத்தில் வைப்பேன்’ என்றால் நிற்கும். ஏனென்றால் அது தவறாமல் நடப்பது, ஒரே இடத்தில் நடப்பது, முடிந்த கணம் கண்ணுக்குத் தெரிவது. மாத்திரை அட்டையும் அதே மேசையில் இருக்க வேண்டும். அலமாரிக்குள் இருந்தால், எழுந்து போகும் வழியில் தொலைபேசி அடிக்கும்.

கொழும்பில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நோன்பு மாதத்தில் காலைத் தட்டே இல்லை. மருத்துவர் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்த பிறகு, சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் புது வசனம் செய்ய வேண்டும். பழைய வசனத்தை வைத்திருந்தால் சந்தர்ப்பம் வராது. சந்தர்ப்பம் வராவிட்டால் செயலும் வராது.

பிழைக்கும் இடங்கள்:

‘பிளேன்ரீக்குச் சீனி போடமாட்டேன்’ என்று எழுதுவது. மறுப்பாக வைத்த திட்டம், விடவேண்டிய பழக்கத்தையே கிளறிவிடலாம் என்று அத்ரியான்ஸ குழுவினர் 2011இல் காட்டினார்கள். பிளேன்ரீயையும் சீனியையும் நாமே மறுபடி ஒன்றாகக் கட்டிக் கொடுக்கிறோம். ‘பிளேன்ரீ ஊற்றியதும் ஒரு துண்டு இஞ்சி போடுவேன்’ என்று மாற்றுச் செயலைச் சொல்ல வேண்டும்.

ஒரே நாளில் நடை, உணவு, மாத்திரை, கால் பராமரிப்பு என்று எல்லாவற்றுக்கும் வசனம் எழுதுவிப்பது. பல இலக்குகளுக்கு ஒருசேரத் திட்டம் போட்டால் அவற்றை நிறைவேற்றுவது எவ்வளவு கடினம் என்பது கண்முன் வந்து பிடிப்புத் தளர்கிறது என்பது டால்ரன், ஸ்பில்லர் இருவரின் 2012 ஆய்வு. ஒரு வருகைக்கு ஒரு வசனம் போதும்.

விருப்பம் இல்லாதவரிடம் எழுதி வாங்குவது. அது கையெழுத்துப் பயிற்சி மட்டுமே.

எதிர்பார்ப்பையும் அளந்து வைப்போம். மில்க்மன் குழுவினரின் 2011 ஆய்வில், காய்ச்சல் தடுப்பூசிக்கு நாளும் நேரமும் எழுதச் சொன்னபோது போட்டவர்கள் 4.2 சதவீதப் புள்ளி கூடினார்கள். நாளை மட்டும் எழுதச் சொன்னது தெளிவான பலன் தரவில்லை. அமெரிக்க உடற்பயிற்சிக்கூடம் ஒன்றின் 877 உறுப்பினர்களிடம் இப்படித் திட்டம் எழுதச் சொல்லிப் பார்த்த ஆய்வொன்று 2018இல் வந்தது, வருகை கூடவில்லை. ஒருமுறை செய்யும் காரியத்துக்கும் கிழமைதோறும் செய்வதற்கும் இடையே தூரம் இருக்கிறது.

பெயர் எதுவானாலும், நோயாளிக்கு வேண்டியது ‘-ததும்’ என்ற ஈறு. மீதியை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தாளர், கொட்டாஞ்சேனை

மடல் 4

நன்றி. வழக்கில் இருப்பவற்றைத் தேடிப் பார்த்தேன்.

‘சங்கற்பம்’ முதலில் கையில் அகப்பட்டது. பூசையில் ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, நட்சத்திரம் என்று நேரத்தை இறுக்கிக் கட்டிய பிறகே ‘இன்னது செய்வேன்’ என்கிறார்கள். ஆனால் அங்கே சொல்லப்படுவது இப்போதைய நேரம். வரப்போகும் சந்தர்ப்பம் அல்ல. கிளினிக் வாங்கில் இருக்கும் எல்லோருக்கும் அது சொந்தச் சொல்லும் அல்ல. ‘நிய்யத்து’க்கும் இதே சிக்கல்: செயலுக்கு முன் மனதில் வைப்பது அது, எண்ணத்துக்கே திரும்பிவிடுகிறது.

‘நேர்த்தி’ இலக்கணத்தால் மிக நெருக்கம். ‘பிள்ளைக்குச் சுகம் வந்தால் காவடி எடுப்பேன்’ என்பது அச்சொட்டாக அதே வாக்கியம். ஆனால் அங்கே நிபந்தனை நம் கையில் இல்லை, செயல் கடன் தீர்ப்பது. இங்கே நிபந்தனை அன்றாடம் வருவது, செயலே குறிக்கோள்.

என் முன்மொழிவு ‘வேளை முடிச்சு’. சேலைத் தலைப்பில் முடிச்சுப் போட்டு வைப்பதுபோல.

மடல் 5

முடிச்சு அழகானது, ஆனால் அது நினைவூட்டி. அவிழ்க்கும்போது ‘எதுக்குப் போட்டேன்’ என்று யோசிக்க வேண்டும். இங்கே யோசனைக்கு இடமில்லை. ‘வேளை’யும் நேரத்தோடு நின்றுவிடும். சந்தர்ப்பம் ஓர் இடமாகலாம், ஓர் ஆளாகலாம், ‘நெஞ்சு படபடத்ததும்’ என்பதுபோல் உள்ளுணர்வாகவும் ஆகலாம்.

குறள் 467 எண்ணுதலையும் துணிதலையும் இரண்டு படிகளாக வைத்து, துணிந்தபின் எண்ணுவோம் என்பதை இழுக்கு என்கிறது. ஹெக்ஹவுசனும் கோல்விற்சரும் 1987இல் ஆராயும் மனநிலை, செயற்படும் மனநிலை என்று பிரித்ததும் இந்த இடத்தில்தான். ஆகவே ‘தறுவாய்த் துணிபு’.

மடல் 6

குறளைத் தொடாமல் ஒரு கலைச்சொல் விவாதமும் முடியாது போலிருக்கிறது! ‘துணிபு’ சரி. ‘தறுவாய்’ என்றதும் முன்னால் ‘சாகும்’ என்று தானாக ஒட்டிக்கொள்ளும். சீனி வருத்தக்காரர் கையில் அதைக் கொடுக்க நான் ஆயத்தமில்லை.

மடல் 7

ஏற்கிறேன். ‘குறித் துணிபு’ என்றால்? குறி என்பது செயலைத் தொடக்கும் அடையாளம். ‘குறித்தல்’ என்பது நாள் குறித்தல், நேரம் குறித்தல் போல முன்கூட்டி வரையறுப்பது. இரண்டு பொருளும் இங்கே வேண்டியவையே. குறி சொல்லுதல் நினைவுக்கு வரும் என்பார்கள். ‘துணிபு’ பின்னால் வரும்போது அந்த வாடை நிற்காது. பாடநூலில் இருக்கும் ‘தூண்டல்’ வேண்டாம். அது ‘தூண்டற்பேறு’டன் சேர்ந்து, ஆள் தேர்ந்தெடுக்காமல் உடல் தானாகச் செய்யும் தெறிவினைக்கு இழுத்துப் போகும்.

இன்னொரு குறிப்பு. ஆங்கிலத்தின் ‘இஃப்–தென்’ வடிவத்தைப் பார்த்து ‘எனில்–அப்பொழுது திட்டம்’ என்று எங்கும் வைக்க வேண்டாம். கோல்விற்சரின் தாய்மொழியான ஜேர்மனில் ‘வென்’ என்ற ஒரே சொல் ‘நடந்தால்’ என்பதற்கும் ‘நடக்கும்போது’ என்பதற்கும் பொருந்தும். நம்முடைய ‘-ஆல்’ ஈறும் பெரும்பாலும் அப்படியே. ‘பஸ் வந்தால் ஏறு’ என்பதில் யாரும் பஸ் வருமா என்று ஐயப்படுவதில்லை. ஆங்கிலம்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடியை நாம் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

மடல் 8

மறுப்பு வராததால் பதிவு இப்படிப் போகிறது:

குறித் துணிபு (பெயர்). இன்ன குறி தோன்றியதும் இன்ன செயலைத் தொடங்குவதென முன்கூட்டி எடுத்த முடிவு. வினை: குறித்துத் துணிதல். எதிரிணை: இலக்கெண்ணம். சேர்த்து ‘குறித்துணிபு’ என எழுத வேண்டாம். ‘குறித்து’ என்று கண் பிரித்துவிடும்.

துண்டுப்பிரசுரத்தில் இந்தச் சொல் வராது, வசனம் மட்டும். அதிலும் ஒரு திருத்தம். வெற்றுக்கோட்டின் கடைசியில் ‘ததும்’ என்று முன்பே அச்சிட்டிருந்தோம். தமிழ் வினை அதற்கு இடம் கொடாது: போட்டதும், முடிந்ததும், போனதும், ஊற்றியதும். ஈறு அச்சில் இருந்தால் எழுதுபவர் வினையை விட்டு ‘காலை ததும்’ என்று வைப்பார். ஆகவே ஈறு இல்லாத முழு நீளக் கோடு ஒன்று, அதன் மேலே இடியப்ப உதாரணம், கீழே ‘நான்’ என்று தொடங்கும் இரண்டாம் கோடு. ஒரு தாளில் ஒரு வசனத்துக்கு மட்டும் இடம்.