ஊரணி தூர்வார லம்ப்சமா? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

மட்டக்கோல்:
“எம்.புக் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்) இருக்கிறவரை ஊழல் ஒழியாது, ஊரணி தூர்வார லம்ப்சம் (மொத்த வேலைக்கும் ஒரே தொகை) பேசி விட்டுடணும்” என்று வளவு எழுதியிருக்கிறார். நல்லா இருக்கு! கட்டடத்துக்கு வரைபடம் உண்டு, லம்ப்சம் பேசலாம். காரைக்குடிப் பக்கத்து ஊரணியில் வண்டல் எத்தனை அடி, செம்பூராங்கல் எங்கே தட்டும் என்று யார் கண்டது? தெரியாத வேலைக்கு ஒரே தொகை கேட்டால் ஒப்பந்ததாரர் தன் பயத்தையும் விலையில் ஏற்றுவார். இல்லாவிட்டால் குறைத்துப் போட்டு, நடுவில் சுரண்டிவிட்டுக் கரையோரத்தைத் தொடாமல் போவார். ஐட்டம் ரேட்தான் சரி: ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை, அளந்த அளவுக்குக் காசு. தண்ணீர் வற்றியதும் ப்ரீ லெவல், அதாவது தோண்டுமுன் தரைமட்டம், எடுக்கணும், அவ்வளவுதான்.

வளவு:
அந்த ப்ரீ லெவலை எழுதுறது யாரு? 10 செ.மீ. கூட்டி எழுதினா ஏக்கருக்கு 400 கன மீட்டர், மம்பட்டி படாமலே பில். லம்ப்சத்தில் அந்த வேலை நடக்காது.

மட்டக்கோல்:
5 மீட்டர் கட்டம் போட்டு, அசையாத படிக்கல்லை பென்ச்மார்க்காக (மட்டம் அளக்கும் நிலைப்புள்ளியாக) வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் எப்படிக் கூட்டுவார்? முடித்த லெவலும் அதே கட்டத்தில், ஐப்பசி மழைக்கு முன். தண்ணீர் நின்றபின் எதை அளப்பது? உங்கள் லம்ப்சத்திலும் ஒரு மீட்டர் தோண்டினானா என்று எதை வைத்துப் பார்ப்பீர்? ப்ரீ லெவல்!

இரண்டாங்கட்டு:
லாரி நடையை எண்ணினா போதாதா அண்ணே?

மட்டக்கோல்:
வெட்டிய மண் உதிர்ந்து நூற்றுக்கு 20, 30 பெருகும். காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்களா? ப்ரீ லெவல்.

வளவு:
ஐட்டம் ரேட்டில் பாறைக்கு விலையை ஏத்தி, மண்ணுக்கு இறக்கி, மொத்தத்தில் குறைஞ்ச புள்ளியா உள்ளே வருவான். அப்புறம் பில்லில் ஊரணி முழுக்கப் பாறைதான். அதுக்கு என்ன பதில்?

மட்டக்கோல்:
அதற்குத்தான் பர்சன்டேஜ் ரேட். எஸ்டிமேட்டுக்கு மேலோ கீழோ ஒரே சதவீதம், தனி ஐட்டத்தை ஏற்ற முடியாது.

வளவு:
காலையில் ஐட்டம் ரேட், மத்தியானம் பர்சன்டேஜ்! சாயங்காலம் லம்ப்சத்துக்கு வந்துடுவீங்க.

மட்டக்கோல்:
இரண்டிலும் பணம் அளந்த அளவுக்குத்தான். எஸ்டிமேட் படித்தவர்களுக்குப் புரியும்.

கோட்டையூரான்:
2017 பொது நிதி விதிகள், செலவுக்கு மேல் லாபம் வைத்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தைச் சாதாரணமாகத் தவிர்க்கச் சொல்கின்றன. விலை மாற்றமும் 18 மாதத்தைத் தாண்டினால்தான்.

வளவு:
ஐயா, அது மத்திய அரசுக்கு. இங்கே 1998 ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம். சிலபஸ் மாறி வந்துட்டீங்க.

கோட்டையூரான்:
மரியாதையாகப் பேசவும்.

இரண்டாங்கட்டு:
சுண்ணாம்புப் பூச்சு விவாதத்திலும் மட்டக்கோல் இப்படித்தான் ஒரே பாட்டு.

மட்டக்கோல்:
எத்தனை பூச்சு, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ. என்று எழுதாமல் சதுர மீட்டர் விலை கேட்டால், சிமெண்டைப் பூசி வெள்ளையடித்துவிட்டுப் போவான் என்றேன். அதற்கும் இன்றுவரை பதில் இல்லை.

வளவு:
பேச்சை மாத்தாதீங்க. நாலு இடத்தில் குழி வெட்டிப் பார்த்தா பாறை தெரிஞ்சுடும், அப்புறம் லம்ப்சம் போடலாம்.

மட்டக்கோல்:
பாறை அஞ்சாவது இடத்தில் இருக்கும். குழியின் ஆழத்தை எதிலிருந்து அளப்பீர்? ப்ரீ லெவல்!

வளவு:
உங்களுக்கு லெவல் பைத்தியம் முத்திருச்சு.

மட்டக்கோல்:
இருக்கட்டும். பென்ச்மார்க் எந்தப் படியில் என்று உங்கள் லம்ப்சம் டெண்டரில் எழுதியிருக்கா, இல்லையா?