500 ஜிபி இமேஜ் 480 எஸ்எஸ்டில ஏறமாட்டேங்குது, உள்ள இருக்கது வெறும் 140 தான்!

தக்கலை_டிடிபி:
அண்ணன்மாரே ஒரு உதவி. தக்கலையில சின்னதா டிடிபி கடை, கல்யாண கார்டு, கோவில் திருவிழா நோட்டீஸ், இந்த மாதிரி வேலைதான். கடை சிஸ்டத்துல (விண்டோஸ் 10) 500 ஜிபி ஹார்டு டிஸ்க் கொஞ்ச நாளாவே டிக் டிக்னு சத்தம் போட்டுட்டு கெடந்துச்சு, அதனால கன்ட்ரோல் பேனல்ல இருக்க 'விண்டோஸ் 7 பேக்கப்'ங்கற டூல் வச்சே வெளி டிஸ்க்ல முழு சிஸ்டம் இமேஜ் (டிஸ்க்ல இருக்கது அப்படியே ஒரு நகல்) எடுத்து வச்சேன். திங்கக்கிழமை ராத்திரி இடி வெட்டி கரண்ட் போய் வந்ததோட டிஸ்க் செத்துப் போச்சு. நாகர்கோவில் போய் 480 எஸ்எஸ்டி வாங்கி மாட்டி பென்டிரைவ்ல பூட் பண்ணி ரெஸ்டோர் குடுத்தா, ரெக்கவர் பண்ண ஏத்த டிஸ்க் எதுவும் இல்லன்னு எரர். பயாஸ்ல எஸ்எஸ்டி நல்லா தெரியுது. ஞாயிறு கொடியேத்து, நோட்டீஸ் இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு.

ரப்பர்பால்:
எதுக்கு இந்தப் பாடு, புதுசா விண்டோஸ் போட்டுட்டு போங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர்லயே சப்போர்ட் முடிஞ்சாச்சு.

தக்கலை_டிடிபி:
அண்ணே நோட்டீஸ் டிசைன் பண்ற பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபான்ட் முந்நூறும் அதுக்குள்ள இருக்கு. இன்ஸ்டால் சிடியைப் பார்த்து பத்து வருசம் ஆச்சு.

முந்திரிக்கொத்து:
எஸ்எஸ்டி மேல குத்தமே இல்ல. அந்த டூல் உள்ள எவ்வளவு டேட்டா இருக்குன்னு பாக்காது, பழைய டிஸ்க் என்ன சைஸோ அதே அளவோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் ஏறும். 500 ஜிபிய விண்டோஸ் 465ன்னு காட்டும், 480ஐ 447ன்னு காட்டும், அந்த 18 ஜிபிக்குத்தான் உம்மள இந்தப் பாடு படுத்துது. யார்ட்டயாவது சும்மா கெடக்க 1 டிபி டிஸ்க் வாங்கி (அதுல இருக்கது அழிஞ்சு போவும், சொல்லிட்டே வாங்கும்) இமேஜ அதுல ரெஸ்டோர் பண்ணி சி டிரைவ 300 ஜிபிக்கு ஷ்ரிங்க் பண்ணும், அதாவது சுருக்கும்.

கடல்காத்து:
ஆமா, சுருக்கின பொறவு மறுபடி இமேஜ் எடுத்து எஸ்எஸ்டில போட்டா வேலை முடிஞ்சு.

முந்திரிக்கொத்து:
அய்யோ அத மட்டும் செய்யாதீங்க. இப்ப டிஸ்க் 1 டிபில்லா, புது இமேஜ் 1 டிபி டிஸ்க்கத்தான் கேக்கும். அதுக்கு பதிலா நேரா குளோன் பண்ணணும், அதாவது ஒரு டிஸ்க்ல இருந்து இன்னொண்ணுக்கு அப்படியே காப்பி. குளோன்ஜில்லாங்கற குளோன் சாஃப்ட்வேர்னா பார்ட்டிஷன் எல்லாம் 447க்குள்ள முடியுதான்னு பாத்துட்டு, எக்ஸ்பர்ட் மோட்ல டிஸ்க் சைஸ் செக் பண்ணாதன்னு ஒரு ஆப்ஷன் உண்டு, அத டிக் பண்ணும். சி டிரைவுக்குப் பின்னால குட்டியா ரெக்கவரி பார்ட்டிஷன் இருந்தா அத முன்னால நகத்தி வையும், ரொம்பப் பேர் அங்கதான் மாட்டுவாங்க. ஷ்ரிங்க் கொஞ்சம்தான் விடுதுன்னா ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் மூணையும் ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் பாரும், நடுவுல நகராம கெடக்க ஃபைல் அதுகதான். குளோன் முடிஞ்சதும் 1 டிபிய கழத்திட்டுத்தான் எஸ்எஸ்டில மொத பூட். ரெண்டும் ஒரே சிக்னேச்சரோட (டிஸ்க்க அடையாளம் காட்ற நம்பர்) நின்னா விண்டோஸ் ஒண்ண ஆஃப்லைன்ல தள்ளிரும்.

தக்கலை_டிடிபி:
அண்ணே ஏறிடுச்சு!! மச்சானுக்க சிசிடிவி டிஸ்க் 1 டிபி கெடந்துச்சு, பழைய ஃபுட்டேஜ் வேண்டாம்னு சொன்னான். மொதல்ல ஷ்ரிங்க் வெறும் 40 ஜிபிதான் விட்டுச்சு, நீங்க சொன்ன மூணையும் ஆஃப் பண்ணினதும் வேண்டிய அளவு வந்துச்சு. குளோன் ஒரு மணிக்கூறு ஓடிச்சு, அதுக்குள்ள ரெண்டு தடவ கரண்ட் போச்சு, யுபிஎஸ் மட்டும் இல்லனா... இப்ப பேஜ்மேக்கர் திறந்து நோட்டீஸ்ல ரெண்டாம் பக்கம் பாத்துட்டு இருக்கேன், ஃபான்ட் ஒண்ணும் கட்டமா மாறல. பேஜ் ஃபைல திரும்ப ஆன் பண்ணணுமா?

முந்திரிக்கொத்து:
பண்ணும். சிஸ்டம் ரெஸ்டோரும். அந்த 1 டிபிய ஒரு வாரம் கழிச்சு மச்சான்ட்ட குடுத்தா போதும்.